நூலக மொழியும் வகுப்பறை மொழியும்

(கலை, அறிவியல் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில், ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்)



நான் ஆங்கில ஆசிரியன் அல்லேன். ஐதராபாத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன். கல்லூரி மாணவர்களின் ஆங்கிலத் திறன் பற்றிப் பேசுமாறு இம்முகாமின் பொறுப்பாளர்கள் கேட்டபோது முதலில் தயங்கினேன். அது ஆங்கிலத் துறையின் வேலை அன்றோ என்று என் வாய் தானாகவே சொல்லிற்று. சொன்ன பிறகுதான், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே முப்பது ஆண்டுகளைக் கடத்திவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே வந்திருக்கிறேன்.

என் பணிக் காலத்தின் தொடக்கத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட வேண்டும். முதலாண்டு மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். குறைந்துசெல் விளைவு விதியைக் கூறுக என்பது வினா. ஆங்கிலத்தில் அது "ஸ்டேட் தி லா ஆஃப் டிமினிஷிங் ரிட்டர்ன்ஸ்" என்று அச்சிடப்பட்டிருந்தது. ஒரு மாணவி இரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார். மாநில அரசின் சட்டங்களைப் பற்றியும், வருமான வரிப் படிவம் கொடுப்போரின் எண்ணிக்கை குறைந்து வருவதைப் பற்றியும் எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். சுழியம் இட்டேன்.

எண்ணிப் பார்த்தால் அம்மாணவியின் வாசிப்பில் பிழையான சொல் ஒன்றுமில்லை. "ஸ்டேட்" என்றால் மாநிலம். "லா" என்றால் சட்டம். "ரிட்டர்ன்" என்றால் வரிப் படிவம். செய்தித்தாளில் அச்சொற்களுக்கு அவைதாம் பொருள். தெலங்கானாவின் ஒரு சிற்றூரில் தெலுங்கு வழியில் படித்து, மேல்நிலையில் உயிரியல் எடுத்து, பொருளாதார வகுப்பில் முதன்முறையாக அமர்ந்தவர் அவர். அடுத்த பருவத்தில் அவர் கல்லூரிக்கு வரவில்லை. உடன் பயின்ற தோழி ஒருவர் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்: "சார், அவள் அப்பா உழவர். ஒரே நிலத்தில் இரண்டாவது மூட்டை யூரியா, முதல் மூட்டை தந்த அளவு விளைச்சலைத் தராது என்று அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். நீங்கள் கேட்டது அதைத்தான் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று."

நான் நடத்திய பாடத்தின் உயிர்க்கருத்து அதுவே. நிலத்தின் பரப்பு மாறாதிருக்க உரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குப் பின் ஒவ்வொரு கூடுதல் மூட்டையும் தரும் கூடுதல் விளைச்சல் குறைந்துகொண்டே போகும். அம்மாணவி அறியாதது பொருளாதாரம் அன்று, ஒருவகை ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை அவருக்குக் கற்பிக்க வேண்டியவர் யார் என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

இக்கேள்வி புதியதன்று. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, இந்திய மொழிகளே பயிற்றுமொழியாக வேண்டும் என்றும், நாளும் வளரும் உலக அறிவோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கிலமும் தொடர்ந்து படிக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு இன்னும் தெளிவாகச் சொல்லிற்று. ஆங்கிலத்தை அது "நூலக மொழி" என்று அழைத்தது. ஆங்கிலத்தை ஒரு திறனாகக் கற்பிப்பது வேறு, ஆங்கில இலக்கியத்தைக் கற்பிப்பது வேறு என்ற வேறுபாட்டையும் வலியுறுத்தியது. நூலக மொழி என்ற அத்தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. மேடையில் முழங்குவதற்கோ, நேர்காணலில் மிடுக்காகப் பேசுவதற்கோ அன்றி, நூலகத்துக்குள் சென்று ஒரு நூலை எடுத்து, அதனோடு தனியே அமர்ந்து, அது சொல்வதை அறிந்து வெளிவருவதற்கான மொழி.

கொள்கை தெளிவாக இருந்தும் வகுப்பறையில் நடந்தது வேறு. நெடுங்காலம் பட்டப் படிப்பின் ஆங்கிலத் தாள் என்பது சில உரைநடைக் கட்டுரைகள், சில கவிதைகள், ஒரு நாடகம் என்றே இருந்தது. அண்மைக் காலத்தில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. தகவல் தொடர்புத் திறன் என்ற பெயரில் தன்னை அறிமுகம் செய்துகொள்வது, குழு விவாதம், வேலைக்கு விண்ணப்பம் ஆகியவை வந்து சேர்ந்தன. பல கல்லூரிகளில் மொழிக்கூடம் அமைத்து ஒலிப்புப் பயிற்சி தருகிறார்கள். இவற்றை நான் பழிக்கவில்லை. கவிதையும் வேண்டும், விண்ணப்பமும் வேண்டும். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு உயிர்வேதியியல் நூலின் நாற்பதாம் பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய மாணவருக்கு இவ்விரண்டில் எதுவும் உதவுவதில்லை.

பேச்சு ஆங்கிலம் வந்துவிட்டால் படிப்பு ஆங்கிலமும் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக வேரூன்றியுள்ளது. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து, 1979-இல் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அமைந்துவிடும். பாடங்களைக் கற்பதற்கான மொழித்திறன் அமைய ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பது அவர் கண்ட முடிவு. இத்தனைக்கும், பள்ளியிலும் தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்கும் நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நாமோ இரண்டு பருவங்களில், வாரத்துக்குச் சில மணி நேரத்தில் இதை முடித்துவிட எண்ணுகிறோம்.

படிப்பு ஆங்கிலம் என்பது யாது? அதைக் கலைச்சொற்களின் தொகுதி என்று எண்ணிவிடக் கூடாது. கலைச்சொல்லால் வரும் இடர் மிகக் குறைவு. "எலாஸ்டிசிட்டி" என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதி விளக்குகிறேன். நூலும் தடித்த எழுத்தில் அச்சிட்டு வரையறை தருகிறது. இடர் தருபவை, யாரும் விளக்காத இடைப்பட்ட சொற்கள். "அஸ்யூம்", "டிரைவ்", "கான்ஸ்டிட்யூட்", "இண்டிகேட்", "வேரி" போன்றவை. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் பல துறைகளின் நூல்களையும் கட்டுரைகளையும் கணக்கிட்டு, 2000-ஆம் ஆண்டில் இத்தகைய 570 சொற்குடும்பங்களின் பட்டியலை வெளியிட்டார். மிகுதியாக வழங்கும் 2,000 பொதுச் சொற்களை நீக்கிவிட்டு எடுத்த பட்டியல் அது. கல்விசார் எழுத்தில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு இந்த 570 குடும்பங்களைச் சேர்ந்தவை. அதாவது பத்துச் சொல்லுக்கு ஒன்று. இவை பாடத்துக்குரிய சொற்கள் என்று ஆங்கில ஆசிரியர் விட்டுவிடுகிறார். இவை பொதுவான ஆங்கிலம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். இரு துறைகளுக்கும் நடுவே உள்ள நடைவழியில் மாணவர் நிற்கிறார்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. இதைத் தமிழிலேயே விளக்கிவிடலாம். "மழை பொய்த்தது, விளைச்சல் குறைந்தது, விலை ஏறியது" என்று ஓர் உழவர் சொல்வார். இதையே ஒரு பொருளாதார ஏடு, "மழைப் பொய்ப்பினால் நேர்ந்த விளைச்சல் வீழ்ச்சி விலையேற்றத்திற்குக் காரணமாயிற்று" என்று எழுதும். மூன்று வினைகள் மூன்று பெயர்களாக மாறிவிட்டன. ஒரு நிகழ்ச்சி பெயராக மாறினால்தான் அதைக் கையில் எடுத்து அளக்கலாம், மற்றொன்றோடு ஒப்பிடலாம், காரணம் காட்டலாம். எல்லாத் துறை அறிவும் இவ்வாறே எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் இத்தகைய பெயர்கள் ஐந்தாறு அடுக்கி வரும். அவற்றை மீண்டும் வினைகளாகப் பிரித்து, யார் செய்தார், எது முன், எது பின் என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பக்கம் திறந்துகொள்ளும். தெரியாதவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தின் பொருள் தெரியாமல் விழிப்பார்.

இன்னொன்று, அளவுபடுத்தும் சிறு சொற்கள். "மே", "டெண்ட்ஸ் டு", "அதர் திங்ஸ் பீயிங் ஈக்வல்" என்பன போன்றவை. மாணவர் குறிப்பெடுக்கும்போது முதலில் விடுவது இவற்றைத்தான்; அலங்காரம் என்று எண்ணுகிறார். மற்றவை மாறாதிருக்க, விலை ஏறினால் தேவை குறையும் என்று நூல் சொல்வது, அவருடைய ஏட்டில் விலை ஏறினால் தேவை குறையும் என்று ஆகிவிடுகிறது. நிபந்தனையோடு கூறப்பட்ட கருத்து எந்நாளும் மாறாத உண்மையாகிவிடுகிறது. வருமானமும் உடன் ஏறிய ஆண்டில் விலையும் விற்பனையும் சேர்ந்து ஏறின என்ற செய்தியைப் படித்ததும், விதியே பொய் என்று முடிவு கட்டுகிறார். இதை மொழிக்குறை என்பதா, பாடக்குறை என்பதா? எனக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகிறது.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நாம் கையாண்ட மருந்து என்ன? குறிப்புச் சொல்லி எழுத வைத்தோம். நானே பதினைந்து ஆண்டுகள் அதைச் செய்தேன். நான் சொல்ல, அறுபது பேனாக்கள் ஓடும். பாடம் நேரத்தில் முடிந்தது, தேர்ச்சி விழுக்காடும் குறையவில்லை. கடைத்தெருவில் விற்கும் வழிகாட்டி நூல்கள் மீதிப் பணியைச் செய்தன. அந்த மாணவர்களில் பலர் மூன்றாண்டுகளில் ஒரு பாடநூலின் ஒரு அத்தியாயத்தைக்கூடத் தாமாகப் படிக்காமல் பட்டம் பெற்றுச் சென்றார்கள். நான் அவர்களுக்கும் நூலுக்கும் இடையில் நின்றுகொண்டிருந்தேன். பிறருடைய வாக்கியங்களை வரிக்கு வரி எடுத்து எழுதுகிறார்கள் என்று ஆய்வேடு எழுதும் மாணவர்களைக் கடிந்துகொள்கிறோம். தம்முடைய வாக்கியம் ஒன்றை எழுதும்படி அவர்களிடம் யார் எப்போது கேட்டோம்?

பிற்பகுதியில் நான் செய்து பார்த்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு வகுப்பின் இறுதி இருபத்தைந்து நிமிடங்களைப் பாடநூலின் ஒரே ஒரு பக்கத்துக்கு ஒதுக்கினேன். முதலில் நூலைத் திறக்க விடவில்லை. அப்பக்கத்தின் பொருளைப் பற்றி அவரவர் மொழியில், தெலுங்கோ உருதோ, பேச விட்டேன். உரம், விளைச்சல், கடன், வட்டி ஆகியவை பற்றி அவர்கள் அறிந்தவை ஏராளம். பின்னர் நூலைத் திறந்து அமைதியாகப் படிக்கச் செய்தேன். அதன் பிறகு என் கேள்விகள் மூன்றே. இப்பக்கம் எதை நிலைநாட்ட முயல்கிறது? எந்த நிபந்தனையோடு சொல்கிறது? எந்தச் சொல் உங்களை நிறுத்தியது? இறுதியில் நூலை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்கள் எழுத வேண்டும். இலக்கணப் பிழைகளுக்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. நிபந்தனை விடுபட்டிருந்தால் மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

முதல் மாதம் வகுப்பு மிகவும் சங்கடப்பட்டது. நான்கு வாக்கியங்களுக்கு நாலைந்து சொற்களே வந்தன. சிலர் நூலை மேசைக்குக் கீழே திறந்து வைத்து எழுதினார்கள். கண்டும் காணாதது போல் இருந்தேன். பருவத்தின் பாதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. எந்தச் சொல் உங்களை நிறுத்தியது என்ற கேள்விக்கு, தொடக்கத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்வது மானக்குறைவு. ஆங்கிலப் பள்ளியில் படித்துவந்த ஒரு மாணவர் "ஹோல்டிங் கான்ஸ்டன்ட்" என்பது எனக்கு விளங்கவில்லை என்று ஒரு நாள் சொன்னார். அதன் பிறகு மற்றவர்களின் கைகளும் எழுந்தன. சரளமாக ஆங்கிலம் பேசும் அவருக்கும் பக்கம் விளங்கவில்லை என்பது தெலுங்கு, உருது வழியில் வந்தவர்களுக்கு எத்தகைய ஆறுதலைத் தந்தது என்பதை நான் நேரில் கண்டேன்.

இம்முறைக்கு முன்னோடிகள் உண்டு. பொருளில் கவனம் செல்லும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது என்ற கருத்தை வைத்து, பேராசிரியர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்பட்டது அது. அங்கே பிள்ளைகளுக்கு இலக்கண விதி கற்பிக்கப்படவில்லை. இரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் செய்தார்கள். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னர், வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், 1926-இல் வெளிவந்த தம் நூலில் வாசிப்புத் திறனுக்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டார். பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுகிறார்கள். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தாலும் ஒரு தொகை கிடைப்பது போல, எந்த ஆண்டில் நின்றாலும் அவர்கள் கையில் ஏதேனும் பயன் தங்க வேண்டும் என்றார். படிக்கத் தெரிவது அத்தகைய பயன். இடையில் நின்றுபோன என் மாணவியின் கையில் நான் எதையும் தங்க வைக்கவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். பாடத்திட்டம் முடியாது என்பது ஒன்று. உண்மை, எனக்கும் இரண்டு அத்தியாயங்கள் மிஞ்சின. அவற்றைத் தாமே படித்து வருமாறு மாணவர்களிடம் விட்டேன். பாதிப் பேர் படித்தார்கள். முன்னர் அதுவும் இல்லை.

மற்ற மறுப்பு ஆழமானது. தாய்மொழியிலேயே உயர்கல்வி தந்துவிட்டால் இத்தொல்லை எதற்கு என்பது. தாய்மொழிக் கல்வியில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. நான் வாழும் நகரிலேயே, 1918-இல் தொடங்கப்பெற்ற உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கு முந்திய ஆண்டே மொழிபெயர்ப்புத் துறையை நிறுவி நூல்களை ஆக்கத் தொடங்கினார்கள். மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் நடந்தன. 1948-க்குப் பின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. ஆனால் உருதுவில் கற்பித்த அக்காலத்திலும் அங்கே ஆங்கிலம் கட்டாயப் பாடமாகவே இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பு எவ்வளவு விரைந்தாலும் புதிய நூல்கள் அதனை முந்திக்கொண்டே இருக்கும் என்பது அப்பல்கலைக்கழகத்தை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்திய மொழிகளில் உயர்கல்வியை ஊக்குவிக்கிறது. 2022-இல் மத்தியப் பிரதேசத்தில் மருத்துவக் கல்வியின் முதலாண்டு நூல்கள் சில இந்தியில் வெளியிடப்பட்டன. இம்முயற்சிகள் பெருக வேண்டும். பெருகும்போது, ஆங்கிலத்தில் பேசத் தேவையில்லாத, ஆனால் ஆங்கில நூலைப் படித்தறியத் தேவையுள்ள மாணவர் கூட்டம் ஒன்று உருவாகும். கோத்தாரி குழு சொன்ன நூலக மொழி அவர்களுக்குத்தான் மிகவும் பொருந்தும்.

கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்றும் இப்போது கேட்கிறார்கள். தரட்டும், நானும் பயன்படுத்துகிறேன். அது தரும் தமிழிலோ தெலுங்கிலோ நிபந்தனைச் சொல் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க மூலப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நம் நாட்டில் உயர்கல்வியில் பயில்வோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். பெண்கள் மட்டும் 2 கோடியைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் தம் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதிக்கும் முதல் தலைமுறையினர். அவர்களுக்கு வீட்டில் ஆங்கில நூலைத் திறந்து காட்ட ஒருவரும் இல்லை. நகரத்துப் பிள்ளைக்குத் தந்தையோ அக்காளோ செய்யும் அவ்வுதவியை, இவர்களுக்கு வகுப்பறையில் யாரேனும் செய்தாக வேண்டும். ஆங்கிலத் துறையில் உள்ளவர்கள் அந்த 570 சொற்களையும், பெயராக மாறிய வினைகளைப் பிரிக்கும் முறையையும் எடுத்துக்கொள்ளட்டும். பாட ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். வினாத்தாள் எழுதுவோர், "ஸ்டேட்" என்பதற்கும் "டிஸ்கஸ்" என்பதற்கும் "அக்கவுண்ட் ஃபார்" என்பதற்கும் எத்தகைய விடை வேண்டும் என்பதை முதல் மாதத்திலேயே மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை.

உங்கள் துறையின் முதலாண்டுப் பாடநூல் ஒன்றைக் கொண்டுவருமாறு முன்னரே அறிவித்திருந்தோம். பெரும்பாலோர் கொண்டுவந்திருப்பது தெரிகிறது. பத்து நிமிட இடைவேளைக்குப் பின் உங்கள் நூலைப் பக்கத்து இருக்கையில் உள்ள வேறு துறை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வரலாற்று ஆசிரியர் வேதியியல் நூலின் ஒரு பக்கத்தைப் படிக்கட்டும். வேதியியல் ஆசிரியர் பொருளாதார நூலைப் படிக்கட்டும். படித்தபின் நூலை மூடிவிட்டு நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். எந்தச் சொல் உங்களை நிறுத்தியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். தாள்களை நானே வாங்கிக்கொள்கிறேன். ஆசிரியர் அறையில் உரக்கப் படிக்க மாட்டேன்.